சாமிக்கண்ணுவின் சைக்கிள் மேற்குக் கடல் பார்த்த கதை

நெய்வேலியில் ஒரு வீட்டு ரகசியம் அந்த வீட்டுக்காரருக்குத்தான் கடைசியாகத் தெரியும். குவார்ட்டர்ஸ்களைக் கட்டிய விதம் அப்படி. ஒரு சமையலறை ஜன்னல் அடுத்த சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே கருவாடு பொரிந்தால் அங்கே கூடுதலாக ஒரு பிடி சோறு இறங்கும். யாரும் யார் விஷயத்திலும் தலையிடுவதில்லை, கண்ணில் பட்டதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே ஆதிலட்சுமி சைக்கிள் கற்றுக்கொள்வது எட்டாம் பிளாக் முழுக்கத் தெரிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அவள் புருஷன் சாமிக்கண்ணுவுக்குத் தெரிந்தது என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சைக்கிள் சாமிக்கண்ணுவுடையது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலை அவனுக்கு. காண்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆன மாதமே வாங்கிய வண்டி. அதைத் துடைக்கத் தனித் துணி, அந்தத் துணி மாட்டத் தனி ஆணி. ஆதிலட்சுமியின் இரண்டு நல்ல சேலைகளும் ஒரே ஆணியில்தான் தொங்கின என்பதை இந்த இடத்தில் சொல்லிவைப்பது நியாயம்.

சாமிக்கண்ணுவுக்கு ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போகும் ஏ ஷிஃப்ட், மறுவாரம் மதியம் இரண்டு மணிக்கு பி ஷிஃப்ட், மூன்றாம் வாரம் இரவு பத்து மணிக்கு சி ஷிஃப்ட். சி ஷிஃப்ட் வாரத்தில் விடிந்து வீடு வந்து, பழையதைக் குடித்துவிட்டுப் படுத்தால், மதியம்வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். சைக்கிள் வெளியே சும்மா சாய்ந்திருக்கும். அந்த வாரத்துக் காலைகளில்தான் ஆதிலட்சுமியின் பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டு மார்த்தாள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். ஒரு வாரம் கற்பது, இரண்டு வாரம் மறப்பது, மறுபடி விழுவது. கால் முட்டி பெயர்ந்ததற்கெல்லாம் பாத்ரூமில் வழுக்கிவிட்டதென்று புருஷனிடம் சொன்னாள். அவன் பாத்ரூம் தரையைத் தேங்காய் நார் போட்டு இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தான். நல்ல மனுஷன்தான், விஷயம் தெரியாது.

ஏறத் தெரிந்த பிறகு இறங்கத் தெரியவில்லை. இறங்கத் தெரிந்த பிறகு வீட்டுக்குள் நிற்கத் தெரியவில்லை. இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் செசிலியா அந்தப் பேச்சை எடுத்தாள்.

செசிலியாவுக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை, சொந்தமாக லேடீஸ் சைக்கிள் உண்டு. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் பிளாக்கில் வழக்கம். பெண்கள் கிளப்பில் எழுந்து அவள் சொன்னாள்: தைப் பொங்கல் முடிந்ததும் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் புறப்பட்டு, நாட்டைக் குறுக்கே கடந்து, பொன்னானியில் மேற்குக் கடலைத் தொடுவது. பன்னிரண்டு நாள். பெண்கள் மட்டும். கிளப்பில் முப்பது பேர் கை தட்டினார்கள், மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். என்ஜினியர் வீட்டுக் காந்திமதி, பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்த வீரம்மாள், அப்புறம் நம் ஆதிலட்சுமி.

ஆதிலட்சுமி பெயர் கொடுத்ததோடு நின்றிருக்கலாம். குழாயடியில் நின்று, மேற்குக் கடலில் காலை நனைக்காமல் திரும்புவதில்லை என்று வேறு சொல்லிவிட்டாள். அவள் அதுவரை கண்ட உலகம் இந்தப் பக்கம் சேத்தியாத்தோப்புச் சந்தை, அந்தப் பக்கம் முத்தாண்டிக்குப்பத்தில் அம்மா வீடு. எதிர் வரிசை நாகம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்.

"ஏண்டி ஆதி, மேக்கால கடலு வரைக்கும் போறியாமே. கடலு கெடக்கட்டும், சைக்கிளு ஆரோடது?"

கேள்வி பொல்லாத கேள்வி. ஆதிலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செசிலியாவோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமைக்குள் கையில் சைக்கிள் இல்லாதவர் பட்டியலில் இல்லை.

பயிற்சி மட்டும் தடபுடலாக நடந்தது. காந்திமதி ஒரு வரைபடம் வைத்திருந்தாள். அதில் கோயம்புத்தூரைத் தாண்டி 'பாலக்காட்டுக் கணவாய்' என்று எழுதி, இரண்டு பக்கமும் மலைகளைத் திட்டுத்திட்டாகப் போட்டிருந்தார்கள். கணவாய் என்றால் மலை, மலை என்றால் ஏற்றம், ஏற்றத்துக்குப் பழகாமல் எப்படிப் போவது? நெய்வேலியைச் சுற்றி எங்கே போனாலும் உள்ளங்கை மாதிரிச் சமதரை. இருக்கிற ஒரே மலை, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு. அதன் ஓரத்தில் லாரிகள் போய்வந்து கைவிட்ட பழைய தடம் ஒன்று உண்டு. நான்கு பெண்களும் அதில் ஏறினார்கள், சறுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். மற்றவர்கள் தினமும், ஆதிலட்சுமி சி ஷிஃப்ட் வாரத்திலும் செம்மண் பூசி வீடு திரும்பினார்கள். சேலை செயினில் மாட்டாமல் இருக்க, நடவுக்கு இறங்கும் பெண்கள் கட்டுகிற மாதிரித் தார்பாய்ச்சிக் கட்ட ஆதிலட்சுமிதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். என்ஜினியர் சம்சாரம் அந்தக் கட்டோடு டவுன்ஷிப் கடைவீதியில் போனதைப் பற்றி நாலு நாள் பேச்சு ஓடியது. நாலு நாள் என்பது குறைத்துச் சொன்னது.

குட்டு உடைந்தது சீட்டால். சாமிக்கண்ணு நெட்டை, அவள் குட்டை. ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் போட்டுச் சீட்டை இறக்குவாள், ஓட்டி முடித்து ஏற்றிவைப்பாள். பொங்கல் நெருங்க, பி ஷிஃப்ட் வாரத்திலும் அவன் எழுந்திருப்பதற்குள் வண்டியை எடுக்கத் துணிந்தவள், அந்த அவசரத்தில் ஒருநாள் ஏற்றிவைக்க மறந்தாள். சாமிக்கண்ணு ஷிஃப்டுக்குக் கிளம்பி முட்டி ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்கத் தெருமுனைவரை போய், இறங்கிப் பார்த்தான். நாகம்மாள் தற்செயலாக வாசலில் நின்றிருந்தாள். நாகம்மாள் வாசலில் நிற்காத நேரம் எது என்று கேட்கக்கூடாது. ஐந்து மாதக் கதையையும் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் பெரிய சத்தம் எதிர்பார்த்து இரண்டு பக்கத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். சத்தமே இல்லை. பெண்டாட்டி சைக்கிள் ஓட்டுவதில் சாமிக்கண்ணுவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வருத்தமெல்லாம், அவன் எப்படி வேலைக்குப் போவது என்பதில்தான். குவார்ட்டர்ஸிலிருந்து சுரங்க கேட்டுக்கு நாலு மைல். ஒரே ஷிஃப்டில் போகிற யார் கேரியரிலாவது உட்கார்ந்து போகலாமே என்று ஆதிலட்சுமி கேட்டதும்தான் அவன் குரல் உயர்ந்தது.

"பெர்மனென்ட் ஆளு நான். சந்தைக்குப் போற மூட்ட மாதிரி எவன் பின்னாடியோ குந்திக்கினு போவணுமா? நடக்காது புள்ள."

மூட்டையும் பெர்மனென்டும் ஒரே கேரியரில் போகக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பாயை விரித்தாள்.

மறுநாள் காந்திமதி வீட்டில் கூடி யோசித்தார்கள். மார்த்தாள் புருஷன் இன்னாசிமுத்து இந்த வாரம் ஏ ஷிஃப்ட், சாமிக்கண்ணு பி ஷிஃப்ட். இன்னாசிமுத்து இரண்டு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வருகிறான், சாமிக்கண்ணு இரண்டு மணிக்கு உள்ளே போகிறான். ஆக இன்னாசிமுத்துவின் சைக்கிள் ஒன்றையே இருவரும் கைமாற்றிக்கொண்டால் போயிற்று. காந்திமதி பென்சிலால் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டினாள். எல்லோருக்கும் விளங்கியது. செசிலியா தலையாட்டினாள், இன்னாசிமுத்து சரியென்றான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாமிக்கண்ணுகூட மறுக்க வழி தெரியாமல் ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்: சனிக்கிழமை ஒருநாள் ஒத்திகை. தன் வண்டியைத் தொடாமல் இரண்டு மணிக்குள் கேட்டில் நின்றுவிட்டால், பன்னிரண்டு நாளும் வண்டி அவளுக்கு. நிற்காவிட்டால் பேச்சு இத்தோடு சரி.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஆண்கள், அவர்களுக்கு ஷிஃப்ட் பார்த்துச் சோறு கட்டும் பெண்கள், ஒரு என்ஜினியர் வீடு. இத்தனை பேர் மூளையிலும் உதிக்காத ஒரு சின்ன விஷயம் சனிக்கிழமை ஒன்றேகால் மணிக்கு வெளிச்சமானது.

சாமிக்கண்ணு குளித்து, காக்கிச் சட்டை போட்டு, சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கைமாற வேண்டிய சைக்கிள், இன்னாசிமுத்து காலையில் ஓட்டிப்போனது, நாலு மைலுக்கு அப்பால் சுரங்க கேட்டில் நிழலில் நின்றிருந்தது. அது இரண்டு மணிக்குமேல்தான் அங்கிருந்து அசையும். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் இங்கே நிற்கிறான்.

மண்மேட்டிலிருந்து அப்போதுதான் ஆதிலட்சுமி திரும்பினாள். பயணத்துக்குப் பழகுவதற்காக ஒரு படுக்கைச் சுருட்டைப் பின்னால் கட்டியிருந்தாள். புருஷன் நின்ற நிலையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. நாகம்மாளுக்கும் விளங்கிவிட்டது, அவள் வீட்டுக்குள் போய் மற்றவர்களையும் அழைத்து வந்தாள்.

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கையை மட்டும் நீட்டினான்.

"வண்டியக் குடு. நேரமாச்சி."

கொடுத்தால் எல்லாம் முடிந்தது. மேற்குக் கடலும் முடிந்தது, குழாயடியில் அவள் பேச்சும் முடிந்தது. ஆதிலட்சுமி ஹேண்டில்பாரை விடவில்லை. சீட் அவள் உயரத்துக்கு இறக்கி இறுக்கியிருந்தது. அவன் ஏறினால் ஸ்பேனர் தேட வேண்டும், நட்டைத் தளர்த்த வேண்டும், நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து படுக்கைச் சுருட்டை அவிழ்த்து மார்த்தாள் வாசலில் எறிந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒங்க வண்டிய நீங்க தொடக்கூடாது, அதான பேச்சு? தொடாதீங்க. பின்னாடி குந்துங்க."

"நீ குந்து. நான் ஓட்டறேன்."

"நீங்க ஓட்டுனா நீங்க தொட்டதா ஆவும். நான் ஓட்டுனா நான் கொண்டாந்து வுட்டதா ஆவும். நின்னுக்கினு இருந்தா ஷிஃப்ட் சங்கு ஊதிடும்."

சாமிக்கண்ணு தெருவைப் பார்த்தான். தெரு முழுக்க அவனைப் பார்த்தது. அரை நாள் வேலை போகும், அதைவிட 'பெண்டாட்டியோடு சண்டை போட்டு ஷிஃப்டை விட்டான்' என்று பெயர் வரும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மறைத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். எட்டாம் பிளாக்கில் அவ்வளவு நீளமான கால் வேறு யாருக்கும் கிடையாது என்பதை அவன் யோசிக்கவில்லை. தரையில் தேய்ந்துவிடாமல் இருக்க முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு, கையில் தூக்கோடு அவன் போன காட்சியைப் பார்க்காதவர்கள் பிற்பாடு பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் மைல் வண்டி ஆடியது. இரண்டாம் மைலில் அவளுக்கு மண்மேடு கைகொடுத்தது. ஏற்றத்தில் மிதித்துப் பழகிய கால் சமதரையில் இரண்டு ஆள் பாரத்தை ஒரு பாரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மெயின் ரோட்டில் பி ஷிஃப்ட் ஆட்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் ஒருவனை முந்தினாள், பிறகு மூவரை. சாமிக்கண்ணுவோடு பெல்ட்டில் வேலை பார்க்கும் சக்கரபாணியை மணியடித்து வழிவிடச் சொல்லி முந்தினாள். பின்னாலிருந்த ஆள் ஒரு கட்டத்துக்குமேல் துண்டைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, அடுத்து முந்த வேண்டியவன் யார் என்று எட்டிப்பார்க்க ஆரம்பித்தான். "அந்தக் காக்கித் தொப்பிய புடி" என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. மனுஷ சுபாவம்தானே.

கேட்டில் இறங்கியபோது இரண்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. ஆதிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது, சேலையெல்லாம் செம்மண். சங்கு ஊதுவதற்காகக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த சக்கரபாணிதான் ஆரம்பித்தான்.

"என்னாய்யா சாமிக்கண்ணு, மாப்புள அழைப்பா?"

கூட்டம் சிரித்தது. ஆதிலட்சுமி தரையைப் பார்த்தாள். இந்தச் சிரிப்புக்கு அவன் என்ன சொல்கிறானோ அதுதான் மேற்குக் கடல். சாமிக்கண்ணு துண்டை அவிழ்த்து உதறினான், நிதானமாகத் தோளில் போட்டான்.

"மாப்புள அழைப்புன்னே வச்சிக்க. ஊர்வலம் ஒன்ன முந்திக்கினு போச்சில்ல? ரெண்டாளு பாரத்த மிதிச்சிக்கினு ஒரு பொம்பள முந்தறா, நீ ஒத்த ஆளா பின்னாடி வர." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பொங்கலு கழிச்சிப் பன்னெண்டு நாளு ஒன் கேரியர்லதான் வேலைக்கு வரப்போறேன். காத்தடிச்சி வை."

பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டவனுக்கு இனி எவன் பின்னால் உட்கார்ந்தால் என்ன? அந்தக் கௌரவம் நாலாவது மைலில் எங்கேயோ விழுந்துவிட்டது, திரும்பிப்போய்ப் பொறுக்க அவனும் நினைக்கவில்லை. சங்கு ஊதியது. உள்ளே போகும்போது அவளைப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் போதாது என்று மட்டும் சொன்னான்.

தை மூன்றாம் தேதி விடியலில் தேவனாம்பட்டினத்தில் நான்கு பெண்களும் நான்கு சைக்கிள்களும். குறிஞ்சிப்பாடியில் நெசவாளர்கள் தறியை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். மதியம் நெய்வேலியைக் கடக்கும்போது எட்டாம் பிளாக் முழுக்க ரோட்டில் நின்றது. ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றது யாரென்று நினைக்கிறீர்கள், நாகம்மாள்தான். அவள் சுற்றிய சுற்றில் பாதி கண்ணேறு கழிப்பதற்கு, பாதி யார் யார் எப்படிச் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு.

விருத்தாசலம், சின்னசேலம் கடந்து ஆத்தூரில் இறங்கியபோது ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. சர்க்கஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. செசிலியாவை முதலாளியம்மா என்று முடிவுகட்டி, சிங்கம் பின்னால் லாரியில் வருகிறதா என்று ஒருவர் மரியாதையாக விசாரித்தார். வீரம்மாள் சளைக்காமல், சிங்கம் நெய்வேலியில் ஷிஃப்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சேலத்துக்கு முன்னால் இரண்டு முறை பஞ்சர். ஆதிலட்சுமி ரோட்டோரம் குந்தி டியூபைக் கழற்றி ஒட்டினாள். காந்திமதி குடை பிடித்தாள். நெய்வேலியில் அது தலைகீழாகத்தான் நடந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரில், தங்கின கன்னியர் மடத்துக்குக் காந்திமதியின் புருஷனிடமிருந்து தந்தி வந்து காத்திருந்தது. கோயம்புத்தூர் வரை வந்ததே பெரிது, கணவாய் ஆபத்து, ரயிலில் திரும்பு. காந்திமதி தந்தியைப் படித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தாள். அந்த மலைத் திட்டுகள் இப்போது இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. வீரம்மாளுக்கு இடுப்பு வலி. செசிலியா, இது ஒருத்தி சொல்லி முடிவெடுக்கிற விஷயம் இல்லை, அவரவர் சொல்லட்டும் என்றாள். மூவரும் ஆதிலட்சுமியைப் பார்த்தார்கள். மற்றவர்கள் ரயிலேறிவிட்டால் அவள் ஒருத்தியாக மலையேற முடியாது. ஒன்பது நாள் மிதித்து, ஒரு ராத்திரி பயந்து, கடல் பார்க்காமல் குழாயடிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"மண்ணு மேட்டுல மூணு மாசம் உருண்டமே," என்றாள் ஆதிலட்சுமி, காந்திமதியிடம். "அது கோயம்புத்தூருக்காம்மா? கோயம்புத்தூர்ல மேடு ஏது? மலைய ஒரு தடவ கண்ணால பாத்துடுவம். ஏற முடியலன்னா நானே ஒங்க வண்டியத் தள்ளிக்கினு திரும்பி வரேன்."

காந்திமதி தந்தியை மடித்து, வரைபடத்துக்குள் வைத்து, வரைபடத்தைப் பெட்டிக்குள் வைத்தாள்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். சேலையை இரட்டையாக இறுக்கிக் கட்டி, வெல்லமும் பொட்டுக்கடலையும் முடிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். வாளையாறு வந்தது. மலை வடக்கே தள்ளி நின்றது, தெற்கே தள்ளி நின்றது. ரோடு மட்டும் நடுவில் நெய்வேலி மெயின் ரோடு மாதிரிப் படுத்திருந்தது. ஏற்றம் இனி வரும், இனி வரும் என்று கால்களைத் தயாராக வைத்துக்கொண்டு போனார்கள். கிழக்கேயிருந்து வந்த தைமாதக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. பல இடத்தில் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் பாலக்காடு வந்துவிட்டது. டீக்கடையில் காந்திமதி வரைபடத்தை விரித்து, கணவாய் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கடைக்காரர் அவர்கள் வந்த வழியைக் காட்டி, அதைத்தான் தாண்டி வந்திருக்கிறீர்கள் என்றார்.

முதலில் செசிலியா சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதம் செம்மண்ணில் உருண்டதை, முட்டி பெயர்ந்ததை, இல்லாத மலைக்காக இரட்டையாகக் கட்டிய சேலையை நினைத்து நான்கு பேரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். கணவாய் என்பது மலை விட்டுக்கொடுத்த வழி என்று நெய்வேலியில் யாருக்குத் தெரியும்? அங்கே வழி வேண்டுமென்றால் வெட்டித்தான் பழக்கம்.

பன்னிரண்டாம் நாள் மாலை, வெயில் தாழும்போது பொன்னானி. தென்னைகளுக்கு நடுவே மணல்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடு ஒன்று ஏறியதும் கடல். ஆதிலட்சுமி நின்றுவிட்டாள். தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து சூரியன் எழுந்ததைப் பார்த்துப் புறப்பட்டவள், இங்கே அது கடலுக்குள் இறங்கப் போவதைப் பார்த்தாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். சைக்கிளைப் பார்த்தார்கள், சேலைக்கட்டைப் பார்த்தார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்கள் பாஷையில் கேட்டார்கள். எந்த ஊராக இருந்தாலும் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். காந்திமதி ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள். கிழக்கே கையை நீட்டினாள்.

"அந்தாண்டக் கடல்லேருந்து."

கேட்டவளுக்கு அது பளிச்சென்று புரிந்தது. வாயில் கைவைத்து, திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கரையே கூடிவிட்டது.

செசிலியாவும் மற்ற இருவரும் சைக்கிள்களை மணலில் படுக்கப்போட்டுவிட்டு அலைக்கு ஓடினார்கள். ஆதிலட்சுமி வண்டியையும் தள்ளிக்கொண்டே போனாள். வீரம்மாள் பதறினாள்.

"அடியே, உப்புத் தண்ணிடி. ரிம்மெல்லாம் துருப்புடிச்சிடும். ஒம் புருஷன் கொன்னுபோட்டுடுவான்."

"புடிக்கட்டும்," என்றாள் ஆதிலட்சுமி. "எங்க புடிச்சிதுன்னு கேப்பாரில்ல? கேட்டாத்தான சொல்ல முடியும்."

அலை வந்தது. அவள் முழங்கால் நனைந்தது. முன்சக்கரம் நடு அச்சுவரை மேற்குக் கடலில் இறங்கி நின்றது.